தெருவிளக்கு எரியாவிட்டால் யாரைக் கேட்பது? யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

போன கார்த்திகையில் எங்கள் ஒழுங்கை முடக்கில் இருந்த தெருவிளக்கு அணைந்துபோனது. மழைக்காலம், ஆறு மணிக்கே இருட்டு, ரியூசன் முடிந்து வரும் பிள்ளைகள் அந்த இடம் வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு வந்தார்கள். தம்பியின் மகள் தரம் ஐந்து படிக்கிறாள். மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பெரியப்பா, ஜனாதிபதிக்கு ஒரு கடிதம் போடுவமோ?" என்றாள்.

சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் யோசித்தேன், அவளில் என்ன பிழை? அவளுக்குத் தெரிந்த தலைவர் அவர்தான், தொலைக்காட்சியில் தினமும் வருகிறார். எங்கள் பிரதேச சபையின் தவிசாளர், அதாவது தலைவர், யார், எங்கள் வட்டாரத்து உறுப்பினர் யார் என்று அவளிடம் கேட்டேன். தெரியவில்லை. சரி, எனக்குத் தெரியுமா என்றால், உறுப்பினரின் முகம் ஞாபகம் வந்தது, பெயர் வரவில்லை.

அந்த ஒரு விளக்கை வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் தேடிப் படித்ததுதான் இந்த வழிகாட்டி. எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வயது வரை உள்ள பிள்ளைகளை நினைத்து எழுதுகிறேன். வாசிக்கும்போது பக்கத்தில் ஒரு கொப்பியும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பாதி வேலை வெளியில் நடந்துபோய்ச் செய்ய வேண்டியது.

முதலாவது படி: உங்கள் சபை எது?

இதை வரைபடம் பார்த்துக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. குப்பை அள்ள வரும் உழவு இயந்திரத்தின் பெட்டியில் சபையின் பெயர் எழுதியிருக்கும், அடுத்த தடவை வரும்போது ஓடிப்போய்ப் பாருங்கள். இல்லாவிட்டால் பக்கத்துப் பொது நூலகத்தின் பெயர்ப்பலகையைப் பாருங்கள். வீட்டில் சோலைவரி (வீடு, காணிக்காகச் சபைக்குக் கட்டும் வரி) கட்டுகிறவர்கள் என்றால் அந்தப் பற்றுச்சீட்டின் தலைப்பிலேயே இருக்கும்.

இலங்கையில் உள்ளூராட்சி சபைகள் மூன்று வகை. பெரிய பட்டினத்துக்கு மாநகர சபை, அதைவிடச் சிறியதற்கு நகர சபை, கிராமங்கள் சேர்ந்த பகுதிக்குப் பிரதேச சபை. யாழ்ப்பாண மாவட்டத்தில் எல்லாமாக 17 சபைகள் இருக்கின்றன. மாநகர சபை ஒன்றே ஒன்று, யாழ்ப்பாணம். நகர சபை மூன்று: வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, சாவகச்சேரி. மிச்சம் பதின்மூன்றும் பிரதேச சபைகள். வலிகாமத்தில் மட்டும் ஐந்து: வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, தென்மேற்கு. தீவுப்பக்கம் நான்கு: வேலணை, ஊர்காவற்றுறை, காரைநகர், நெடுந்தீவு. பிறகு நல்லூர், பருத்தித்துறை, சாவகச்சேரி, வடமராட்சி தென்மேற்கு.

கவனித்தீர்களா, பருத்தித்துறையும் சாவகச்சேரியும் இரண்டு தடவை வந்திருக்கின்றன. பட்டினத்துக்கு ஒரு சபை, சுற்றியுள்ள கிராமங்களுக்கு அதே பெயரில் இன்னொரு சபை. பெயரை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம் என்பதற்கு இன்னும் நல்ல உதாரணம் நல்லூர்தான். நல்லூர்க் கந்தசுவாமி கோவில் நல்லூர்ப் பிரதேச சபைக்குள் இல்லை, யாழ்ப்பாண மாநகர சபை எல்லைக்குள் இருக்கிறது. இருபத்தைந்து நாள் திருவிழாவுக்கு வீதித் தடை, கடைகளுக்கு இடம், தண்ணீர், குப்பை என்று ஓடித் திரிவது மாநகர சபை. திருநெல்வேலிச் சந்தைக்குப் போனால் அது நல்லூர்ப் பிரதேச சபையினுடையது.

கொப்பியின் முதல் பக்கத்தில் உங்கள் சபையின் முழுப் பெயரை எழுதுங்கள். வீட்டில் பெரியவர்கள் வேறு பெயர் சொன்னால் வாதாட வேண்டாம், உழவு இயந்திரத்தைக் காட்டுங்கள்.

இரண்டாவது படி: எது சபையின் வேலை, எது இல்லை?

நான் பிழை விட்டது இந்த இடத்தில்தான். விளக்குக்காக முதலில் ஒரு கந்தோருக்குப் போனேன், வரிசையில் அரை மணித்தியாலம் நின்றேன், என் முறை வந்ததும் அங்கிருந்த தங்கச்சி பொறுமையாகச் சொன்னார்: "ஐயா, இது பிரதேச செயலகம். நீங்கள் போக வேண்டியது பிரதேச சபைக்கு." பக்கத்துப் பக்கத்துப் பெயர், முற்றிலும் வேறு கந்தோர். வெட்கமாகத்தான் இருந்தது.

எனவே பிள்ளைகளே, இதை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பிரதேச செயலகம் அரசாங்கத்தின் கந்தோர். அதற்குப் பொறுப்பான பிரதேச செயலாளரை யாரும் வாக்குப் போட்டுத் தெரிவு செய்வதில்லை, பரீட்சை எழுதி வேலைக்கு வந்தவர். உங்கள் ஊர்க் கிராம அலுவலர், அதாவது அம்மம்மா இன்னமும் "விதானையார்" என்று சொல்கிறாரே, அவரும் அந்தப் பக்கம்தான். வதிவிடச் சான்றிதழ், அடையாள அட்டை விண்ணப்பம், வெள்ள நிவாரணப் பதிவு எல்லாம் அந்த வழியில் போகும். பிரதேச சபையோ ஊரவர்கள் வாக்குப் போட்டு அனுப்பியவர்களின் சபை. வீதி, விளக்கு, குப்பை, சந்தை, நூலகம் எல்லாம் இந்த வழி.

வீதியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. எல்லா வீதியும் சபையினுடையது இல்லை. கண்டி வீதி என்று நாங்கள் சொல்லும் ஏ9 போன்ற பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு, நடுத்தர வீதிகள் பல மாகாணத்தின் பொறுப்பு, உள் வீதிகளும் ஒழுங்கைகளும்தான் பெரும்பாலும் சபைக்கு வரும். பெரிய வீதியில் பள்ளம் விழுந்ததற்கு உங்கள் தவிசாளரைப் பேசிப் பயனில்லை, ஆனாலும் ஊர் முழுக்கப் பேசும். தெருவிளக்கு இன்னும் வேடிக்கை. கம்பமும் கம்பியும் மின்சார சபைக்குரியவை, அதில் தொங்கும் விளக்கு சபையினுடையது. கம்பி அறுந்து கிடந்தால் கிட்டப் போகாமல் பெரியவர்களைக் கூப்பிட்டு மின்சார சபைக்குச் சொல்ல வேண்டும். பல்ப் எரியாவிட்டால் பிரதேச சபை.

பள்ளிக்கூடம்? அது கல்வித் திணைக்களம். பஸ்? அதுவும் சபை இல்லை, ஆனால் சின்னப் பஸ் நிலையங்களையும் நிழற்குடைகளையும் பல இடங்களில் சபை கட்டிக் கொடுத்திருக்கிறது.

மூன்றாவது படி: தலைவர் எப்படி வந்தார்?

மாநகர சபையின் தலைவரை மாநகர முதல்வர் என்று சொல்வோம், பேச்சில் மேயர். நகர சபைக்கும் பிரதேச சபைக்கும் தவிசாளர். அவர்களோடு ஒரு பிரதித் தலைவரும் மற்ற உறுப்பினர்களும் இருப்பார்கள்.

சபை எல்லையைப் பல வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். பதினெட்டு வயதானவர்கள் ஒரு வாக்குச் சீட்டில் ஒரு கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ புள்ளடி போடுவார்கள். உறுப்பினர்களில் நூற்றுக்கு அறுபது பேர் வட்டாரத்தில் வென்று வருவார்கள், மற்ற நாற்பது பேர் கட்சிகள் எடுத்த மொத்த வாக்கைக் கணக்குப் பார்த்துப் பட்டியலில் இருந்து வருவார்கள். யாழ்ப்பாண மாநகர சபையை எடுத்துப் பாருங்கள்: 27 வட்டாரம், 45 உறுப்பினர். 27ஐ 45ஆல் வகுத்தால் சரியாக அறுபது வீதம் வரும், கணக்குப் பாடத்துக்கும் உதவும். நூற்றுக்கு இருபத்தைந்து பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்ற ஏற்பாடும் உண்டு. அது நடைமுறைக்கு வந்தது 2018 தேர்தலில்.

ஒரு கட்சிக்குப் பாதிக்கு மேல் ஆசனம் கிடைத்தால் அந்தக் கட்சியே தலைவரைப் பெயரிடும். கிடைக்காவிட்டால் உள்ளூராட்சி ஆணையாளர் முதல் கூட்டத்தைக் கூட்ட, உறுப்பினர்கள் தங்களுக்குள் வாக்குப் போட்டுத் தலைவரைத் தெரிவு செய்வார்கள். வாக்குகள் சமமாக வந்தால்? திருவுளச் சீட்டு! உண்மையாகவே பெயர்களைத் துண்டில் எழுதிப் போட்டு ஒன்றை எடுப்பார்கள். என் பெறாமகளுக்கு முழு வழிகாட்டியிலும் பிடித்த இடம் இதுதான்.

ஒரு சபையின் ஆயுள் நான்கு ஆண்டு. 2018 பெப்ரவரி 10இல் தேர்தல் நடந்தது, அந்தச் சபைகளின் காலத்தை ஒரு வருசம் நீட்டியதால் அவை 2023 மார்ச்சில் முடிந்தன, அடுத்த தேர்தல் 2025 மே 6இல்தான் வந்தது. இடையில் இரண்டு வருசத்துக்கு மேல் உறுப்பினர் யாரும் இல்லை, அதிகாரிகளே சபையை நடத்தினார்கள். அப்போதும் குப்பை அள்ளினார்கள், பல்ப் மாற்றினார்கள். எது முதலில் நடக்க வேண்டும் என்று ஊருக்காகச் சண்டை பிடிக்கத்தான் ஆள் இல்லை. தலைவர் எதற்கு என்று கேட்டால் இந்த இரண்டு வருசத்தை நினைத்துப் பாருங்கள்.

யாழ்ப்பாணத்துக்கு மாநகர சபை கிடைத்தது 1949இல். முதலாவது முதல்வர் சாம் சபாபதி. முதலாவது பெண் முதல்வர் சரோஜினி யோகேஸ்வரன், 1998இல் பதவிக்கு வந்தார், அதே வருசம் மே மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். போர்க்காலம் அது. அந்தக் கதிரையில் இருப்பதே உயிருக்கு ஆபத்தாக இருந்த நாட்களைப் பற்றி வீட்டில் வயதானவர்களிடம் கேளுங்கள், ஆனால் அவர்கள் சொல்ல விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள்.

நான்காவது படி: கொப்பியோடு ஒரு நடை

சனிக்கிழமை பின்னேரம் ஒரு பெரியவரையும் கூட்டிக்கொண்டு வீட்டுப் படலையில் இருந்து சந்தி வரை நடவுங்கள். சபை செய்த, செய்கிற, செய்ய வேண்டிய ஒவ்வொன்றையும் எழுதுங்கள். நாங்கள் நடந்தபோது எங்கள் கொப்பியில் இருபத்து மூன்று வந்தது, அதில் அவள் எழுதிய பதினேழாவது "கட்டாக்காலி மாடு, படுத்திருக்கிறது". சரிதான், வீதியில் திரியும் கட்டாக்காலி மாடுகளைப் பிடித்துக் கட்டுவதும் சபையின் வேலை.

முதலில் வாய்க்காலைப் பாருங்கள். எங்கள் குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. விழும் மழை கடலுக்கு ஓட வேண்டும் அல்லது நிலத்துக்குள் இறங்க வேண்டும். நிலத்துக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக் கல், நிறையத் துளையும் வெடிப்பும் உள்ள கல், அதற்குள் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் எங்கள் வீட்டுக் கிணற்றில் ஊறுகிறது. அதனால் வாய்க்காலில் எறிந்த பம்பர்ஸும் சொப்பிங் பையும் இரண்டு விதத்தில் திரும்பி வந்து எங்களைக் கடிக்கும். ஒன்று, வாய்க்கால் அடைபட்டு வெள்ளம் வீட்டுக்குள் வரும். இரண்டு, தேங்கிய தண்ணீரில் நுளம்பு பெருகி மார்கழி, தை மாதத்தில் டெங்கு வரும், அழுக்கு கிணற்றுப் பக்கமும் இறங்கும். மாரிக்கு முதலே, ஆவணி புரட்டாதியில் வாய்க்கால் துப்புரவாக்கிய தலைவரை யாரும் கவனிப்பதில்லை, ஏனென்றால் அங்கே எதுவுமே நடக்கவில்லை, வெள்ளம் வரவில்லை. வெள்ளம் வந்த பிறகு முழங்கால் தண்ணீரில் நின்று படம் எடுத்துப் பேஸ்புக்கில் போடுகிறவரை எல்லோருக்கும் தெரியும். நான் முதல் ஆளுக்குத்தான் புள்ளி போடுவேன்.

அப்புறம் குப்பை. உக்கும் குப்பை, உக்காத குப்பை என்று பிரித்து வைக்கச் சொல்வது எங்களைத் தொந்தரவு செய்வதற்கு இல்லை. பிரிக்காமல் கொடுத்தால் எல்லாம் ஒன்றாகக் கொட்டப்படும், கொட்டுகிற இடமும் யாரோ ஒருவருடைய ஊர்தான். யாழ்ப்பாண மாநகரக் குப்பை கல்லுண்டாய்ப் பக்கம் போகிறது, அந்த வழியால் மானிப்பாய், அராலிப் பக்கம் போகிறவர்களுக்கு அந்த மணம் தெரியும். அள்ளும் தொழிலாளர்கள் காலையில் உங்களுக்கு முதல் எழும்புகிறவர்கள், உடைந்த போத்திலை வெறும் பையில் போட்டால் வெட்டுவது அவர்களின் கை. தடித்த கடதாசியில் சுற்றி, "கண்ணாடி" என்று எழுதி வையுங்கள். இது உங்களால் இன்றைக்கே செய்யக்கூடிய வேலை.

சந்தை, மயானம், விளையாட்டு மைதானம், சிறுவர் பூங்கா, முன்பள்ளி, கட்டட அனுமதி, கடைகளுக்கான உரிமம், மலக்கழிவு உறிஞ்சும் பவுசர், கோடையில் தீவுப்பக்கம் குடிதண்ணீர்ப் பவுசர் என்று பட்டியல் நீளும். கண்ணில் பட்டதை மட்டும் எழுதினால் போதும்.

சனசமூக நிலையத்தை மறக்க வேண்டாம். இரண்டு வாங்கு, ஒரு மேசை, அன்றைய பேப்பர், பக்கத்தில் கரம் போர்ட். ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது. ஊர்ப் பெடியள் கட்டியதுதான், ஆனால் சபையில் பதிவு செய்திருப்பார்கள். ஊர்க் குறைகள் முதலில் பேசப்படுவதே அங்கேதான். உங்கள் வட்டார உறுப்பினர் பலமுறை அந்த வாங்கில் இருந்தே ஆரம்பித்தவராக இருப்பார்.

நூலகம் வரும்போது கொஞ்சம் நில்லுங்கள், ஒரு கதை இருக்கிறது. யாழ்ப்பாணப் பொது நூலகம் மாநகர சபையின் நூலகம். அதை ஆரம்பித்தது சபை இல்லை. 1933இல் க. மு. செல்லப்பா என்ற ஒரு தனி மனிதர் தன்னிடமிருந்த புத்தகங்களை மற்றவர்களுக்கும் கொடுத்து வாசிக்க வைத்தார். பிறகு ஊரவர்கள் சேர்ந்தார்கள், சிறிய இடம் எடுத்தார்கள், கொஞ்சக் காலத்தில் அது அப்போதைய நகர நிருவாகத்தின் கைக்கு வந்தது. மாநகர சபை வந்தபின் முதல்வர் சபாபதி, கத்தோலிக்கப் பாதிரியார் லோங் அடிகளார் போன்றவர்கள் பெரிய கட்டடம் வேண்டும் என்று பணம் சேர்க்க அலைந்தார்கள். சென்னையில் இருந்து நரசிம்மன் என்ற கட்டடக் கலைஞர் வந்து வரைந்து கொடுத்தார். 1959இல் திறந்தபோது முதல்வர் வேறொருவர், அல்பிரட் துரையப்பா. ஆரம்பித்தவர் ஒருவர், ஓடித் திரிந்தவர் ஒருவர், நாடா வெட்டியவர் ஒருவர். 1981 ஜூன் முதலாம் திகதிக்கு முந்திய இரவு அதற்குத் தீ வைத்தார்கள், சுமார் 97,000 புத்தகங்கள் எரிந்தன. மறுபடி கட்டிய பிறகு மக்கள் அங்கே போய் வாசிக்கிறார்கள். சிறுவர் பகுதியும் உண்டு. நீங்கள் எந்தச் சபையில் இருந்தாலும் அந்தச் சபைக்கு நூலகம் இருக்கும், ஐப்பசியில் வாசிப்பு மாதப் போட்டிகளும் வைப்பார்கள், போய் அங்கத்துவ அட்டை எடுங்கள்.

ஐந்தாவது படி: புளியங்கொட்டை விளையாட்டு

பணம் இல்லாமல் பல்ப்பும் இல்லை. சபைக்குப் பணம் வரும் வழிகள்: சோலைவரி, சந்தைக் கடை வாடகையும் குத்தகையும், உரிமக் கட்டணங்கள், காணி கைமாறும்போது வரும் முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணத்தில் பங்கு, அரசாங்கமும் மாகாணமும் தருவது. சோலைவரியை ஜனவரி 31க்கு முதல் முழு வருசத்துக்கும் கட்டினால் நூற்றுக்குப் பத்துக் கழிவு உண்டு, அப்பாவுக்கு ஞாபகப்படுத்துங்கள்.

இப்போது ஐம்பது புளியங்கொட்டை எடுங்கள். இருபத்தைந்தை ஒரு பக்கம் தள்ளுங்கள், அது சம்பளம், டீசல், திருத்த வேலைகள், தொட முடியாது. (விளையாட்டுக்கான கணக்குத்தான், உங்கள் சபையின் கணக்கு வேறாக இருக்கும்.) மிச்சம் இருபத்தைந்து. ஒரு ஒழுங்கைக்குத் தார் போட பன்னிரண்டு கொட்டை. வாய்க்கால் திருத்த எட்டு. பூங்காவுக்குப் புது ஊஞ்சல் நான்கு. பத்துத் தெருவிளக்கு ஐந்து. நூலகத்துக்குப் புத்தகம் மூன்று. மயானக் கொட்டகைக் கூரை ஆறு. கூட்டிப் பாருங்கள், முப்பத்தெட்டு வரும்.

நான்கு பிள்ளைகள் சேர்ந்து விளையாடுங்கள். ஒருவர் தவிசாளர், மற்றவர்கள் ஒவ்வொரு வட்டாரம். தவிசாளர் பங்கு போட்டுக் காட்ட வேண்டும், மற்றவர்களில் பெரும்பான்மை சம்மதித்தால் வெற்றி. எங்கள் வீட்டில் விளையாடியபோது ஊஞ்சலுக்கு மூன்று வாக்கு விழுந்தது, மயானக் கூரைக்கு யாருமே இல்லை. அம்மா மட்டும் குசினியில் இருந்து, "மழையிலே ஒரு செத்த வீடு வந்தால் தெரியும்" என்றார். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு ஊஞ்சலைப் பாதியாக்கப் பார்த்தார்கள், ஊஞ்சல் பாதியாகாது.

உண்மைச் சபையில் இதற்குப் பெயர் பாதீடு. ஒவ்வொரு வருச முடிவிலும் அடுத்த வருசத்துக்கானதைத் தலைவர் சபைக்குக் கொண்டுவருவார். இரண்டு முறை தோற்றால் தலைவர் பதவி போய்விடவும் கூடும். 2020 டிசம்பரில் யாழ்ப்பாண மாநகர சபையில் அப்படித்தான் நடந்தது: பாதீடு இரண்டு தடவை தோற்று, முதல்வர் பதவி இழந்து, அந்த மாத முடிவிலேயே 21க்கு 20 என்ற வாக்கில் புதிய முதல்வர் தெரிவானார். ஒரே ஒரு வாக்கு.

ஆறாவது படி: கூட்டம் பார்க்கப் போங்கள்

சபை மாதத்துக்கு ஒருமுறை கூடும். பொதுமக்கள் இருந்து பார்க்கலாம். எந்த நாள் என்று சபைக் கந்தோரில் முதலே கேட்டுக்கொள்ளுங்கள், வகுப்பாசிரியர் கடிதம் கொடுத்துக் கேட்டால் ஒரு வகுப்பாகவே போகலாம். கதைக்க முடியாது, கை தட்டவும் கூடாது. சத்தமாகக் கதைக்கிறவர்களை விட்டுவிட்டு, "இந்த வீதியின் நீளம் எத்தனை மீற்றர்?" என்று கேட்கிறவரைக் கவனியுங்கள். தலைவருக்குப் பக்கத்தில் கோப்புகளோடு இருப்பவர் பெரும்பாலும் செயலாளர், மாநகர சபை என்றால் ஆணையாளர். அவர் அதிகாரி. சபை தீர்மானித்ததைச் செய்விப்பது, சட்டத்துக்குப் பிழையாக இருந்தால் சொல்வது எல்லாம் அவர் வேலை. சில நேரம் கூட்டம் அலுப்பாக இருக்கும். ஒரு வாய்க்காலுக்கு முக்கால் மணித்தியாலம் கதைப்பார்கள். பரவாயில்லை, அந்த வாய்க்கால் ஓரத்தில் வீடு வைத்திருப்பவருக்கு அது அலுப்பு இல்லை.

ஏழாவது படி: கடிதம்

இனி விளக்குக்கு வருவோம். முதலில் வட்டார உறுப்பினருக்கு நேரில் சொல்லுங்கள், பெரியவர் ஒருவரோடு. பிறகு எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது தேநீர் குடித்து முடிவதற்குள் மறந்துபோகும், எழுதியதற்கு ஒரு கோப்பு இருக்கும். என் பெறாமகள் எழுதியது இது, இரண்டு எழுத்துப்பிழையை மட்டும் திருத்தினேன்:

"தவிசாளர் அவர்கட்கு,
ஐயா,
எங்கள் ஒழுங்கையில் தெருவிளக்கு எரியவில்லை
அம்மன் கோவிலில் இருந்து மூன்றாவது கம்பத்தில் உள்ள விளக்கு இம்மாதம் நான்காம் திகதியில் இருந்து எரியவில்லை. அந்த இடத்தில் ஒழுங்கை திரும்புகிறது, பக்கத்தில் மதகு மூடி உடைந்திருக்கிறது. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு பதினொரு பிள்ளைகள் இந்த வழியால் சைக்கிளில் வருகிறோம், நான் எண்ணினேன். விளக்கைத் திருத்தித் தருமாறு தயவாகக் கேட்கிறேன்.
இப்படிக்கு,"

அவ்வளவுதான். ஏன் இது நல்ல கடிதம்? எந்தக் கம்பம் என்று இருக்கிறது. எந்தத் திகதியில் இருந்து என்று இருக்கிறது. யாருக்குக் கஷ்டம், எத்தனை பேருக்கு என்று இருக்கிறது, அதுவும் எண்ணிப் பார்த்த கணக்கு. யாரையும் பேசவில்லை. கம்பத்தில் இலக்கம் எழுதியிருந்தால் அதையும் சேருங்கள், தொழில்நுட்ப அலுவலருக்குத் தேடுகிற வேலை மிச்சம். தவிசாளர் பெண் என்றால் "அம்மணி" என்று எழுதுங்கள். ஒரு கடிதத்தில் ஒரு விசயம் மட்டும். மதகு மூடிக்கும் சேர்த்து எழுதவா என்று கேட்டாள், வேண்டாம், அதற்குத் தனிக் கடிதம் என்றேன். இரண்டையும் ஒன்றாக எழுதினால் இரண்டு பிரிவுக்கும் நடுவில் கடிதம் நின்றுவிடும்.

போட்டோப் பிரதி ஒன்று எடுத்து, கந்தோரில் கொடுக்கும்போது அந்தப் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். இதைக் கட்டாயம் செய்யுங்கள். முத்திரை இல்லாத பிரதி வெறும் கடதாசி. பிள்ளைகள் தனியாகப் போக வேண்டாம், வீட்டு விலாசமும் தொலைபேசி இலக்கமும் பெரியவருடையதாக இருக்கட்டும்.

எட்டாவது படி: பதில் வராவிட்டால்

இரண்டு கிழமை பொறுங்கள். பிறகு முத்திரை குத்திய பிரதியோடு போய், "இது எந்த நிலையில் இருக்கிறது?" என்று கேளுங்கள். "ஏன் இன்னும் செய்யவில்லை?" என்று கேட்டால் எதிரே இருப்பவருக்குக் கோபம் வரும், முதல் கேள்விக்குக் கோப்பைத் திறந்து பார்ப்பார். அதற்கும் ஒன்றும் நடக்காவிட்டால் சனசமூக நிலையத்தில் சொல்லி அவர்களின் கடிதத் தலைப்பில் ஒன்று எழுதுவிக்கலாம், ஊரின் கையெழுத்து இருந்தால் கனம் கூடும். கடைசி வழி, 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். வீட்டில் பெரியவர் ஒருவர் சபையின் தகவல் அலுவலரிடம் கேட்டு எழுதினால், தகவல் தருவதா இல்லையா என்று பதினான்கு வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். ஒரு பல்ப்புக்கு இவ்வளவு தூரம் போக வேண்டி வராது, பெரிய வேலைகளுக்குத் தெரிந்து வைத்திருங்கள்.

எங்கள் விளக்குக்கு இரண்டாவது தடவை போகத் தேவைப்படவில்லை. கடிதம் கொடுத்து ஒன்பதாம் நாள் பின்னேரம் ஏணியோடு வாகனம் வந்தது. அவள் ரியூசனில் இருந்தாள், நான்தான் பார்த்தேன். ஏறின அண்ணை பழைய பல்ப்பைக் கழற்றிப் புதியது போட்டு, கீழே இறங்கி, "ஆர் அந்தக் கடிதம் எழுதினது, பதினொரு பிள்ளையள் எண்டு?" என்று கேட்டார். சொன்னேன். ஆறேகாலுக்கு அவள் சைக்கிளில் வந்தபோது முடக்கில் இறங்காமலே திரும்பினாள். படலைக்குள் வந்து கொப்பியை எடுத்து, விளக்குக்கு நேரே திகதியைப் போட்டு ஒரு கோடு கீறிவிட்டு, அடுத்த பக்கத்தில் "மதகு மூடி" என்று எழுதி, அளவு எடுக்க அடிமட்டம் எங்கே என்று கேட்டாள்.